அழற்சி என்று படித்ததும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து கேட்கிறார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கண் அழுத்த நோயில், அதாவது கிளாக்கோமாவில், விழித்திரையின் நரம்பு செல்கள் சாவதற்கு அழுத்தம் மட்டும் காரணம் இல்லை, அழற்சிக்கும் பங்கு இருக்கிறது என்று உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். செய்தியில் தப்பு ஒன்றும் இல்லை, நல்ல செய்திதான். ஆனால் அதை எங்கள் தண்டையார்பேட்டை பக்கம் மக்கள் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். நான் இங்கே ஒரு மெடிக்கலில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். "அழற்சியாலதான் நரம்பு போகுதாம்க்கா, பேப்பர்ல போட்டுக்குறாங்க, அப்போ அந்த வீக்கம் கொறையற சொட்டு மருந்து குடுக்கா" என்று கேட்டு ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் கேட்கும் மருந்து ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும். கண் சிவப்பைச் சீக்கிரமே அடக்கிவிடும் அந்த மருந்தை டாக்டர் பார்வையில் இல்லாமல் வாரக்கணக்கில் போட்டால், அதுவே கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றி, எந்த நரம்பைக் காப்பாற்ற நினைத்தார்களோ அந்த நரம்பையே அழித்துவிடும். நரம்பைக் காப்பாற்ற நினைத்துப் பார்வையைத் தொலைப்பது மாதிரி ஒரு கொடுமை வேறு இல்லை.

நரம்பு, நரம்பு என்று சொல்கிறோமே, அது எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரையில் வெளிச்சத்தை வாங்கும் செல்கள் தனி, வாங்கியதை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு செல்கள் தனி. இந்த இரண்டாவது வகை ஒரு கண்ணில் ஏறத்தாழ 10 லட்சம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நீளமான வால் ஒன்று உண்டு, அத்தனை வால்களும் ஓரிடத்தில் கூடி, கண்ணின் பின்பக்கம் சல்லடை மாதிரித் துளைகள் உள்ள ஒரு தட்டைத் தாண்டி வெளியே போகின்றன, அந்தக் கட்டுக்குத்தான் பார்வை நரம்பு என்று பெயர். கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறினால் முதல் அடி விழுவது அந்தத் தட்டில்தான். தட்டு பின்பக்கமாக வளையும், துளைக்குள் வால்கள் நசுங்கும், செல்லுக்கும் மூளைக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்த சத்துப் போக்குவரத்து நின்றுவிடும். அப்படிச் செத்த நரம்பு செல் மறுபடி வராது. கண்புரையை எடுத்துவிட்டு லென்ஸ் வைத்தால் பார்வை திரும்புகிறது, அதைப் பார்த்துப் பழகிய நம் ஜனங்கள் இதையும் அப்படியே நினைத்துக்கொண்டு, "முத்தட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்கிறார்கள். இதில் முற்றவிட்டால் போனது போனதுதான்.

அழற்சி வருவது இதற்கு அடுத்து. நரம்பு செல்களைச் சுற்றி மைக்ரோக்ளியா என்ற காவல் செல்களும், ஆஸ்ட்ரோசைட் என்ற பராமரிப்பு செல்களும் இருக்கின்றன. சாதாரண நாளில் இவை நரம்பு செல்லுக்கு வேண்டியதைச் செய்துகொண்டிருக்கும். 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் பென் பாரஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். காவல் செல் உசுப்பப்பட்டால் மூன்று புரதங்களை வெளியே விடுகிறது, அவை ஆஸ்ட்ரோசைட்டின் குணத்தையே மாற்றிவிடுகின்றன, மாறிய ஆஸ்ட்ரோசைட் நரம்பு செல்லைப் பராமரிப்பதை விட்டுவிட்டுக் கொல்ல ஆரம்பிக்கிறது. வீட்டுக்கு வைத்த வாட்ச்மேனே வீட்டுக்காரனை அடிப்பது போன்ற வேலை இது. அப்புறம் 2020-ல், கண் அழுத்தம் ஏற்றப்பட்ட எலிகளில் அந்த மூன்று புரதங்களும் இல்லாதவற்றுக்கு நரம்பு செல்கள் பெருமளவு பிழைத்ததையும் பார்த்தார்கள். 2018-ல் பாஸ்டனில் நடந்த இன்னொரு ஆய்வில், அழுத்தம் ஏறிய கண்ணுக்குள் ரத்தத்திலிருந்து டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் நுழைவதையும், அழுத்தம் இறங்கிய பிறகும் அவை சேதத்தைத் தொடர்வதையும் கண்டார்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளுக்கு அந்தச் சேதம் ஏற்படவில்லை என்பது எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது. கண் பிரஷர் கட்டுக்குள் இருந்தும் சிலருக்கு ஏன் நரம்பு தேய்ந்துகொண்டே போகிறது என்ற கேள்விக்கு இதில் ஒரு பதில் இருக்கலாம்.

ஆனால் கவனியுங்கள், இந்த அழற்சி நடப்பது கண்ணின் பின்பக்கம், விழித்திரையிலும் பார்வை நரம்பிலும். அது வலிக்காது, அரிக்காது, கண் சிவக்காது, கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தூசி பட்டுச் சிவப்பதும் மெட்ராஸ் ஐ வந்து சிவப்பதும் கண்ணின் முன்பக்க விவகாரம். இரண்டுக்கும் அழற்சி என்று ஒரே பெயர் இருப்பதால் ஒரே மருந்து என்று ஆகிவிடாது. கிளாக்கோமாவின் பின்பக்க அழற்சியை அடக்கி நரம்பைக் காப்பாற்றும் சொட்டு மருந்து என்று இன்றைக்கு எந்த மெடிக்கலிலும் எதுவும் கிடையாது.

ஸ்டீராய்டு செய்வது என்னவென்றால், கண்ணுக்குள் நீர் வடியும் வலைப்பின்னலை அடைத்துக்கொள்ளச் செய்கிறது. எல்லோருக்கும் ஏறாது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சில வாரங்களில் அழுத்தம் கொஞ்சமாவது ஏறும், சிலருக்குத் தாறுமாறாக ஏறும், கிளாக்கோமா ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அந்த ஆபத்து கூடுதல். வடசென்னையில் இது எப்படி வீட்டுக்குள் வருகிறது என்று நான் தினமும் பார்க்கிறேன். மெட்ராஸ் ஐ சீசனில் ஒருவருக்கு எழுதிக்கொடுத்த சீசா வீடு முழுக்கச் சுற்றும், சீசன் முடிந்தாலும் சீசா அலமாரியில் இருக்கும், அப்புறம் கண்ணில் தூசி விழுந்தாலும் அதுதான், தூக்கம் கெட்டுச் சிவந்தாலும் அதுதான். கொருக்குப்பேட்டைப் பக்கம் பட்டறைகளில் கண்ணாடி போடாமல் வெல்டிங் வைக்கும் பையன்கள் ராத்திரி கண்ணில் மண்ணைப் போட்ட மாதிரி எரிகிறது என்று வருவார்கள், ஒருமுறை யாரோ கொடுத்த ஸ்டீராய்டு கேட்டுவிட்டது, அதிலிருந்து ஒவ்வொரு முறையும் காலி சீசாவை நீட்டி "இதே மாதிரி" என்பார்கள். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து இது, அட்டையிலேயே சிவப்புக் கோடு போட்டிருக்கும். நான் இல்லை என்றால் பக்கத்துத் தெருவில் வாங்கிக்கொள்கிறார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன், பத்து இருபது ரூபாய் லாபத்துக்கு ஒருவர் பார்வையோடு விளையாடாதீர்கள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும், கண்ணுக்குள்ளேயே வரும் சில அழற்சி நோய்களுக்கும் கண் டாக்டர்கள் ஸ்டீராய்டு சொட்டு மருந்து எழுதுவார்கள், அது அவசியமான மருந்து. என் கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் அதைப் பாதியில் நிறுத்தக் கூடாது. டாக்டர் சொன்ன நாள் வரை போட வேண்டும், பிரஷர் பார்க்க வரச்சொன்ன தேதியில் போக வேண்டும்.

சமீபத்தில் வந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் மீன் வியாபாரம். கிளாக்கோமாவுக்கு ராத்திரி ஒரு வேளை போடும் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வகை மருந்துகள் பலருக்குக் கண்ணைக் கொஞ்சம் சிவக்க வைக்கும், இமை முடி நீளும், கண்ணைச் சுற்றிக் கறுக்கும். ஏலத்தில் கூட நிற்பவர்கள் "இன்னாம்மா, கண்ணு இப்டி செவந்துக்குது" என்று கேட்கக் கேட்க இவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, சிவப்பு போக ஒரு மருந்து கொடு என்று வந்தார். பையிலிருந்து ஏற்கெனவே வேறு எங்கோ வாங்கிய ஸ்டீராய்டு சீசாவை எடுத்துக் காட்டினார், பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. ஒரு மருந்து அழுத்தத்தை இறக்குகிறது, அதன் சிவப்பை மறைக்கப் போட்ட இன்னொன்று ஏற்றுகிறது. பேசிக்கொண்டே இருக்கும்போது கல்லாவின் இடது ஓரத்தில் நான் வைத்த சில்லறை அவருக்குத் தெரியவில்லை, கையால் தடவித்தான் எடுத்தார். இந்த நோயில் பார்வை போவது அப்படித்தான். கறுப்பாக ஒன்றும் தெரியாது, விட்டுப்போன இடத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்ளும், நேராகப் பார்த்தால் பேப்பர் எழுத்துகூடத் தெரியும், பக்கத்தில் வரும் ஷேர் ஆட்டோ மட்டும் தெரியாது. அவரை அன்றைக்கே சீட்டு எழுதிய டாக்டரிடம் திரும்ப அனுப்பினேன். சிவப்பு தாங்கவில்லை என்றால் வேறு வகை மருந்துக்கு மாற்றலாம், லேசர் செய்யலாம், வழி இருக்கிறது, ஆனால் அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நரம்பைக் காக்கும் மருந்து வருமா என்று கேட்டால், வரும் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் எலியிலிருந்து மனிதனுக்கு வருவது சின்ன தூரம் இல்லை. அல்சைமர் நோய்க்குக் கொடுக்கும் மெமன்டின் என்ற மாத்திரை விலங்குகளின் கண் நரம்பைக் காப்பாற்றியது, பெரிய எதிர்பார்ப்போடு 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு நான்கு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை என்று 2018-ல் முடிவு வந்தது. இப்போது எல்லோரும் கேட்பது வைட்டமின் பி3, நிக்கோடினமைடு. 2017-ல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் கிளாக்கோமா வரும் எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது பெரும்பாலானவற்றின் நரம்பு தப்பியது. வயதாக ஆக நரம்பு செல்லில் குறைந்துபோகும் ஒரு சக்திப் பொருளை அது திரும்ப நிரப்புகிறது என்பது காரணம். 2020-ல் மெல்போர்னில் 57 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், சில வாரங்களில் விழித்திரை நரம்பு வேலை செய்யும் அளவு சற்றுக் கூடியது தெரிந்தது. இதைவிடப் பெரிய ஆய்வுகள் தேவை. அங்கே கொடுத்த அளவு ஒரு நாளைக்கு 3 கிராம் வரை, நம் கடைகளில் கிடைக்கும் பி-காம்ப்ளக்ஸ் மாத்திரையில் அதன் ஓரத்தைக்கூடத் தொட முடியாது. அந்த அளவுக்கு டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தின்றால் கல்லீரலைப் பாதிக்கலாம். சொந்தமாக ஆரம்பிக்காதீர்கள்.

இன்றைக்கு நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான், அழுத்தத்தை இறக்குவது. அது பழைய வைத்தியம், செய்தித்தாளில் தலைப்பாக வராது, ஆனால் மனிதர்களிடம் நிரூபணமானது அதுதான். 2015-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில் ஒரு பாதி பேருக்கு லடானோபிராஸ்ட் சொட்டு மருந்தும் இன்னொரு பாதி பேருக்கு மருந்தில்லாத சொட்டும் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் மருந்தில்லாதவர்களில் 100-க்கு 26 பேருக்குப் பார்வைப் பரப்பு மோசமானது, மருந்து போட்டவர்களில் 15 பேருக்கு. அழுத்தம் 1 அலகு குறைந்தால் நோய் முற்றும் ஆபத்து ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது என்று ஸ்வீடனில் நடந்த ஆய்வு சொல்கிறது. காவல் செல்களை உசுப்பிவிடுவதில் அழுத்தத்துக்குப் பெரிய பங்கு இருப்பதால், அதை இறக்குவது அழற்சிக்கும் ஒரு வகையில் மருந்துதான்.

ஆனால் இந்தச் சொட்டு மருந்தைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். போட்டால் பார்வை கூடுவதில்லை, போடாவிட்டால் உடனே ஒன்றும் ஆவதில்லை, காசும் நேரமும் மட்டும் போகிறது, பின்னே எப்படி மனசு வரும்? அதனால் சீட்டைக் கொடுக்கும்போதே, இது பார்வையைக் கூட்டுவதற்கு இல்லை, இருப்பதைப் பிடித்துவைப்பதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், நான் சொல்லிப் பார்த்தவர்களில் பலர் மறுபடி வாங்க வருகிறார்கள். போடும் விதமும் முக்கியம். ஒரு சொட்டு போதும், போட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம் விட வேண்டும்.

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆட்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே வீசிங் இல்லாத தெருவே இல்லை. கிளாக்கோமாவுக்குக் கொடுக்கும் டிமோலால் என்ற சொட்டு மருந்து ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சை இழுத்துவிடும், கண்ணில் போடுவதுதானே என்று நினைக்க முடியாது, ரத்தத்தில் கலந்து நெஞ்சுக்குப் போகும். கண் டாக்டரிடம் போனால் அவர் கேட்காவிட்டாலும் "எனக்கு வீசிங் இருக்கு" என்று சொல்லுங்கள். அதேபோல ஸ்டீராய்டு மாத்திரையோ இன்ஹேலரோ நீண்ட நாளாக எடுப்பவர்கள் அதை நிறுத்தாமல், கண் பிரஷரை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேருக்கு இது இருக்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே கணக்கு இருக்கிறது. 2001 முதல் 2004 வரை சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வில், 40 வயதைத் தாண்டிய நகரவாசிகளில் 100-க்கு 3.5 பேருக்குத் திறந்த கோண வகை, அதாவது கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் திறந்தே இருக்கும் வகை, கிளாக்கோமா இருந்தது. திருவள்ளூர், காஞ்சிபுரம் கிராமங்களில் அதில் பாதிகூட இல்லை. நோய் இருந்த நகரவாசிகளில் 10-ல் 9 பேருக்கு மேல் தங்களுக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. பரிசோதித்த நாளில் அவர்களில் பெரும்பாலானோரின் கண் பிரஷர் சாதாரண அளவில்தான் இருந்தது. இதனால்தான் முகாமில் காற்று ஊதிப் பிரஷர் மட்டும் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்ல" என்று அனுப்புவது போதாது என்கிறேன், நரம்பைப் பார்க்க வேண்டும். அப்பா அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு. அப்படிப்பட்டவர்கள் நோய் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது.

அதற்கு ஒன்றும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது, எழும்பூரில் 1819-லிருந்து அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த ஸ்டேஷன். சிக்கல் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னால்தான். துறைமுகத்தில் லோடு தூக்குகிறவருக்கும் மீன் விற்கிறவருக்கும் ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு, வலிக்காத நோய்க்கு அவர் ஏன் போவார்? நான் கேட்பது இரண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரையைப் படம் எடுக்கும் இடங்களில், அதே படத்தில் பார்வை நரம்பு தொடங்கும் தட்டும் விழுகிறது, அதில் குழி பெரிதாக இருக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் என்றால் ஸ்டான்லிக்குச் சீட்டு எழுதட்டும், கூடுதல் செலவு எதுவும் பெரிதாக இல்லை. அடுத்து, 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை, சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நோய் உறுதியானவர்களுக்குக் கண் அழுத்தச் சொட்டு மருந்தும் அந்தப் பையில் மாதாமாதம் வரட்டும். மாத்திரை கொடுக்க வரும் அக்கா "கண்ணு மருந்து போட்டீங்களா" என்று கேட்டாலே பாதிப் பேர் விடாமல் போடுவார்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இனி இப்படி ஆய்வுச் செய்தி போடும்போது அது எலியில் பார்த்ததா மனிதரிடம் பார்த்ததா, மருந்தாக வந்துவிட்டதா இல்லையா என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் டீக்கடையில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு நேராக வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81